முத்திரையிட்ட முப்பத்தைந்து டிகிரி

மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் எனக்காகத்தான் காத்திருக்க வேண்டும். "கதவ இழுக்காதீங்க, நிதானமா மூச்சு விடுங்க" என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பேன். அரை மணியில் ஆளை எடுத்துவிடுவேன்.

அப்படிப்பட்டவன் மாமனார் வீட்டுப் பின்னறையில் நான்கு வருடங்களாக மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து குரல் கொடுக்க யாரும் இல்லை.

மாமியார் இறந்த சமயத்தில், மூன்று மாதம் அப்பாவோடு இருந்துவிட்டு வரலாம் என்று என் மனைவி சொன்னாள். வந்தோம். ஆனால் மாமனார் இதைத் தெருவுக்குச் சொன்ன விதம் வேறு. "மாப்பிள்ளைக்கு ஒரு இடம் அமையற வரைக்கும் நம்மகிட்ட இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கேன்." நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு நான்கு வருடம்.

அவர் ஓய்வு பெற்ற எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் கம்பியைச் சுற்றி, ஈயக் குண்டைக் கோத்து, குறட்டால் நசுக்கி முத்திரை வைக்கும் உத்தியோகம். உத்தியோகம் போய்விட்டது, குறடு போகவில்லை. வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு முத்திரை உண்டு. சமையலறைத் தராசுக்கு உண்டு. குளியலறை வெந்நீர்க் குழாயைக் கூட ஒரு குறிப்பிட்ட திருப்பத்தில் நிறுத்தி முத்திரை வைத்திருக்கிறார். அதற்கு மேல் யாருக்கும் சூடு தேவைப்படாதாம். கடிகாரம் நாலு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று ஒரு முறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு மகள் வழியாகத்தான் பேசினார். "உன் வீட்டுக்காரர்கிட்ட அந்தப் பேப்பரத் தரச் சொல்லும்மா." பேப்பர் என் கையில். நான் அவருக்கு எதிர் நாற்காலியில்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. வீட்டில் எல்லாப் பொருளும் அவர் நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்க வேண்டும். செருப்புகள் அலமாரியின் மேல்தட்டில். குளியலறை வாளி ஸ்டூலின் மேல், சிம்மாசனத்தில் அமர்ந்த மாதிரி. "பொருளுக்காக மனுஷன் குனியக் கூடாது மாப்பிள்ளை. மனுஷனுக்காகப் பொருள் உயரணும்." நானும் என் மனைவியும் அறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அது வெறும் கொள்கை என்றுதான் நினைத்திருந்தோம்.

போன மாதம் ஒரு வீடு அமைந்தது. மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை, தெருவைப் பார்த்த ஜன்னல். வெளிப்புறமாகச் சுழன்று ஏறும் இரும்புப் படிக்கட்டு, இருபத்திரண்டு படி. அந்தப் படிகளில் ஏறும்போதே என் மனைவி பாடத் தொடங்கிவிட்டாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்காரம்மா கறாராகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழம மத்தியானத்துக்குள்ள வந்து சாவிய வாங்கிக்கணும். தவறினா, உங்களுக்குப் பின்னாடி மூணு பேர் நிக்கறாங்க."

மாமனாரை வீட்டைப் பார்க்க அழைத்தோம். "உங்க வீட்ட ஆய்வு பண்ண நான் என்ன இன்னும் சர்வீஸ்லயா இருக்கேன்?" என்றார். வருத்தத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம் என்றபோது, "நல்லது" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாகக் கதவு திறந்தால் எந்த மெக்கானிக்குக்கும் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், எங்கள் அறைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சு என்று ஒரே சத்தம். சாமான் கட்ட நாங்கள் கடை கடையாகக் கெஞ்சி வாங்கி வைத்திருந்த ஐந்து அட்டைப்பெட்டிகளில் இரண்டு வெட்டப்பட்டு, ஒட்டுநாடாவால் இணைந்து, தரையில் ஒரே பெரிய பெட்டியாகக் கிடந்தன. பக்கவாட்டில் என் மனைவி எழுதியிருந்த 'சமையல் சாமான்' தலைகீழாகத் தெரிந்தது. உள்ளே பரப்பிய மரச்சீவலின் மேல் இருபத்தைந்து கோழிக்குஞ்சுகள். கதவில் ஒரு பலகை: 'இளங்குஞ்சு வெப்பப் பராமரிப்புக் கூடம். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.'

அனுமதியின்றி உள்ளே வந்தவன் போல என் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"இந்த வீட்டுலயே காத்து புகாத அறை இதுதான் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "குஞ்சுப் பண்ணைக்காரன் கையேடு குடுத்திருக்கான். கூடம் தரையில இருக்கணும். மொத வாரம் முப்பத்தஞ்சு டிகிரி. ஒரு டிகிரி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாருங்க."

பார்த்தேன். மேலே விசிறிக் கொக்கியிலிருந்து ஒரு கம்பி இறங்கியது. அதன் நுனியில் அலுமினியக் கிண்ணத்துக்குள் ஒரு குண்டு பல்பு. பல்பை ஒட்டினாற்போல் ஒரு வெப்பமானி. இரண்டும் சரியாக அவர் நெஞ்சு உயரத்தில் தொங்கின. கம்பியில் ஈய முத்திரை. வெப்பமானி முப்பத்தைந்து என்றது. மூன்றரை அடி கீழே, தரையில், குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரு மூலையில் மலை கட்டிக்கொண்டு கத்தின.

வெப்பத்தை எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்று கையேட்டில் இல்லை. குஞ்சு இருக்கும் இடத்தில்தான் அளப்பார்கள் என்று எழுதியவர் நம்பியிருக்க வேண்டும். அவருக்கு என் மாமனாரைத் தெரியாது.

"கத்துதே மாமா?"

"ஆரோக்கியம்" என்றார்.

மறுநாள் காலை மலையின் அடியில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மாமனார் பதிவேட்டைத் திறந்து, 'போக்குவரத்து இழப்பு: 1' என்று எழுதிக் கையெழுத்திட்டார். முன்னாள் பதவியையும் கீழே எழுதினார்.

அன்று தீவன மூட்டை கொண்டுவந்தவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். மாமனார் ரசீது எடுக்க உள்ளே போனதும் என் காதருகே வந்தார்.

"சார், வெப்பமானியெல்லாம் பெரியவங்க சமாசாரம். குஞ்சு என்ன சொல்லுதுன்னு பாருங்க. ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கத்துச்சுன்னா குளிருது. சுவத்தோரமா ஓடி வாயத் தொறந்து ரெக்கைய விரிச்சா சூடு. அங்கங்க சிதறி, தின்னுக்கிட்டு, தூங்கிக்கிட்டு இருந்தா, அதுதான் சரி. இதுங்க இப்படியே கெடந்தா வெள்ளிக்கிழம தாண்டாது."

"அவர்கிட்டயே சொல்லுங்களேன்."

"போன வருஷம் எங்க கடைத் தராச சரியில்லன்னு ஒரு மணி நேரம் பேசினாரு சார். எனக்கு இன்னும் ரெண்டு எடத்துக்கு மூட்ட போகணும்." நடையைக் கட்டினார்.

கம்பியை இறக்க முடியாது, முத்திரை இருந்தது. பல்பு கீழே வராவிட்டால் என்ன? தளத்தை மேலே கொண்டு போகத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஏற்கெனவே கட்டி முடித்திருந்த எங்கள் சூட்கேஸ் இரண்டையும் கீழே போட்டேன். அதன்மேல் புத்தகப் பெட்டி, அதன்மேல் துணிப் பெட்டி. குஞ்சுப் பெட்டிக்கு அடியில் ஒரு பலகையைக் கொடுத்து, நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மேலே ஏற்றினோம். பல்பு குஞ்சுகளுக்கு ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. ஐந்து நிமிடம். மலை கரைந்தது. கத்தல் நின்று, மெல்லிய முணுமுணுப்பு வந்தது. ஒரு குஞ்சு நின்றபடியே தூங்கி மூக்குக் குப்புற விழுந்து, விழுந்தபடியே தூங்கியது.

"போற வீட்டுச் சாமானெல்லாம் இதுங்களுக்கு அடியில போச்சே" என்றாள் என் மனைவி.

"ஞாயிறு வரைக்கும்தானே."

மாமனாரின் ஆய்வு நேரம் காலை ஏழு, மாலை ஆறு. கையேட்டில் 'தரையில்' என்று இருந்ததால், ஆய்வுக்கு முன் பெட்டி தரைக்கு வந்தாக வேண்டும். ஆறே முக்காலுக்கு இறக்கு. ஏழு பத்துக்கு ஏற்று. ஐந்தே முக்காலுக்கு இறக்கு. ஆறு பத்துக்கு ஏற்று. அவர் வாசலில் நிமிர்ந்து நின்று வெப்பமானியை மட்டும் பார்ப்பார். "முப்பத்தஞ்சு." பதிவேடு. கையெழுத்து. கீழே குனிந்து ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. குஞ்சுகள் நாளுக்கு நாள் தேற, அவர் குரலும் தேறியது. வியாழக்கிழமை தெருவில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "எல்லாம் அளவுங்க. அளவு தவறாத எடத்துல உயிர் போகாது."

உயிர் தப்பியதன் காரணங்கள் இரண்டும் உள்ளே, மேலெல்லாம் மரச்சீவல் ஒட்ட, ஈரப் பஞ்சால் குஞ்சுகளின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன. அங்கே எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டால் குஞ்சு செத்துப்போகும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மாமனார் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

நாங்கள் தப்பிக்க வேண்டிய அறைக்குள் நாங்களே எங்களைப் பூட்டிக்கொண்டிருப்பது வெள்ளிக்கிழமைதான் உறைத்தது. அன்று ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல், விடாமல் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். என் கண் கடிகாரத்தில். ஐந்தே முக்காலுக்கு நான் வீட்டில் இல்லாவிட்டால் பெட்டியை இறக்க ஆள் இல்லை. "சார், கொஞ்சம் சீக்கிரம்" என்று அவர் கெஞ்சியதைவிட அதிகமாக நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

எப்படியோ நேரத்துக்கு வந்து பெட்டியை இறக்கிவிட்டேன். அன்று இரவு கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

"நாம போயிட்டா யார் ஏத்துவா?" என்றாள் அவள்.

"உண்மையச் சொல்லிடலாம்."

"நீங்க சொல்லுங்க."

"கடிகாரத்துக்கே ரெண்டு நாள் பேசல. இது வெப்பமானி. நீ சொல்லு, உங்க அப்பா."

அவள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர்களை வாயைத் திறக்க வைப்பதுதான் வேலை. அப்பா முன்னால் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

ஞாயிறு வந்தது. வண்டி எட்டு மணிக்கு. ஆறே முக்காலுக்குப் பெட்டியைத் தரையில் இறக்கினோம். இந்த முறை சூட்கேஸ்களையும் பெட்டிகளையும் வாசலுக்குத் தூக்கிப் போய்விட்டோம். இனி ஏற்ற எதுவும் இல்லை. ஏழு மணிக்கு மாமனார் வந்தார். நிமிர்ந்து நின்றார்.

"முப்பத்தஞ்சு."

"அப்பா." என் மனைவியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். "கீழ குனிஞ்சு, பெட்டிக்குள்ள கைய வச்சுப் பாருங்கப்பா."

"கருவி இருக்கறப்ப கை எதுக்கும்மா?"

"ஒரு தடவ. ஒரே ஒரு தடவ."

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் எந்தத் தராசையும் கையால பாத்ததில்ல."

"அதுங்க குளிர்ல கத்துதுப்பா! காது கேக்கலையா? இத்தன நாளும் நாங்கதான் தூக்கித் தூக்கி..." பாதியில் நிறுத்தினாள். நான்கு வருடப் பேச்சு ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நெரிந்த மாதிரி, எதுவும் வெளியே வரவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருந்தால் கூடத் தேவலை. எதுவும் கேட்காமல் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார். நான் சாமான்களைத் தெருவோரம் கொண்டுபோகக் கிளம்பினேன்.

முதல் சூட்கேஸைக் கேட்டருகே வைத்துவிட்டுத் திரும்பும்போது உள்ளே பொத்தென்று ஒரு சத்தம். மூட்டை விழுந்த மாதிரி.

ஓடினோம். மாமனார் தரையில் கிடந்தார். ஒருக்களித்து, கன்னம் தரையில் சிந்திய மரச்சீவலில் பதிய, ஒரு கை பெட்டிக்குள். யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் குனிந்திருக்கிறார். முழங்கால் ஏற்கவில்லை. இருபத்து நான்கு குஞ்சுகளும் மூலையை விட்டுவிட்டு அந்தக் கையைச் சுற்றி மொய்த்திருந்தன. இரண்டு மூன்று சட்டைக் கைக்குள்ளேயே புகுந்துவிட்டன. அந்த அறையில் தரைமட்டத்தில் சூடாக இருந்த ஒரே பொருள் அவர்தான்.

"அப்பா! அடி பட்டுச்சா?"

"ஆய்வு நடந்துட்டிருக்கு" என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். ஆய்வு முடிகிற வழியாக இல்லை. அவர் எழுந்திருக்க முயலவே இல்லை. முயன்றால் என்ன தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் அப்போதுதான் வரிசையாகத் தெரிந்தது. மேல்தட்டுச் செருப்பு. ஸ்டூல் மேல் வாளி. நெஞ்சு உயரத்து வெப்பமானி. பார்க்க வராத வீட்டின் இருபத்திரண்டு படிகள். கொள்கை இல்லை. முழங்கால்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

"இருபத்தாறு டிகிரிதான் இருக்கும்" என்றார் அவர் தரையிலிருந்து, மெதுவாக. "கைய வச்சா தெரியுது."

மாட்டிக்கொண்டவர்களை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. வாசலிலிருந்து ஒரு சூட்கேஸைக் கொண்டுவந்தேன். நாற்காலியைக் கொண்டுவந்தேன். முதல் மாடி சூட்கேஸ், இரண்டாம் மாடி நாற்காலி. இரண்டு இடத்திலும் நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, ஏற்றினோம். சட்டைக் கையிலிருந்து ஒவ்வொரு குஞ்சாக எடுத்து உள்ளே விட்டாள் அவள். அவர் மேலிருந்த மரச்சீவலைத் தட்டிக்கொண்டு, பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். திங்கள் முதல் ஞாயிறு வரை எல்லாப் பதிவுகளின் மேலும் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். கீழே எழுதினார்: 'கருவி சரி. கருவி வைக்கப்பட்ட இடம் பிழை.' யாரால் வைக்கப்பட்டது என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

"எத்தன நாளா ஏத்தி இறக்கறீங்க?"

"செவ்வாய்லேர்ந்து மாமா."

தலையை ஆட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகக் குரலில் சொன்னார்: "சரி, நீங்க கெளம்புங்க. வண்டி வந்துடும். சாவி கைமாறிப் போயிடக் கூடாது. இனிமே கருவி வேண்டாம். காலையும் சாயங்காலமும் நானே கீழ உக்காந்து, கைய வச்சுப் பாத்துக்கறேன்."

நான்கு வருடங்களாக நாங்கள் காத்திருந்த வார்த்தை. கெளம்புங்க. கதவு அகலத் திறந்துவிட்டது. யாரும் அசையவில்லை.

காலையும் சாயங்காலமும். கீழே. தனியாக.

தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. என் மனைவி போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். அப்பா காதில் விழும்படியே பேசினாள்.

"இல்லீங்கம்மா, இன்னிக்கு வர முடியாது... கோழிக்குஞ்சு வளக்கறோம்... ஆமாங்க, கோழிக்குஞ்சுதான். மூணு வாரமாவது சூடு குடுக்கணும், ரெக்க மொளைக்கணும்... ஆமாங்கம்மா, அதுக்காகத்தான்."

மறுமுனையில் வீட்டுக்காரம்மா சொன்னது அறை முழுக்கக் கேட்டது. "கோழிக்காக வீட்ட விட்டுட்ட முத ஆளு நீதாம்மா! அங்க பெரியவங்க யாரும் புத்தி சொல்ல இல்லையா?"

"இருக்காருங்க" என்றாள் அவள். வைத்துவிட்டாள்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததைத்தான் மறுபடி துடைத்தார். "நான் போங்கன்னுதான் சொன்னேன்" என்றார்.

"குஞ்சுக்காகத்தான் மாமா" என்றேன்.

"ஆமா, குஞ்சுக்காக" என்றார் உடனே. மூன்று பேரும் அந்த ஒரு வாக்கியத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டோம்.

வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று, தெருவோரச் சூட்கேஸைக் காட்டினார். "சார், இத ஏத்திடவா?"

"நானே ஏத்திக்கறேன்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, சாமான்களை உள்ளே கொண்டுவந்தேன். சூட்கேஸ் இரண்டு, புத்தகப் பெட்டி, துணிப் பெட்டி, மேலே பலகை. அவர் கண் முன்னாலேயே குஞ்சுகளை ஏற்றினோம். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கலைந்து முணுமுணுப்பு தொடங்கியது. மாமனார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து வந்தார். குஞ்சுகள் இப்போது அவர் எட்டிப் பார்க்கும் உயரத்தில் இருந்தன. ஒரு வாரமாக வளர்த்துவரும் குஞ்சுகளின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். விரலை நீட்டினார். ஒன்று கொத்தியது. கையை எடுக்கவில்லை.

"உயரம் இப்பதான் சரியா இருக்கு" என்றார். "மனுஷனுக்காகப் பொருள் உயரணும். இத நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நெறைய தடவப்பா" என்றாள் என் மனைவி.

அவர் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் கம்பிச் சுருளும் ஈயக் குண்டும் குறடும் இருந்தன. கீழே இருந்த சூட்கேஸை என்னிடம் காட்டினார். "மாப்பிள்ளை, அதோட கைப்பிடிக்குள்ள இந்தக் கம்பிய விட்டு எடுங்க. அந்தப் பக்கத்துக்கும். அப்படியே பலகையச் சுத்தி மேல கொண்டாங்க. இது இனிமே அசையக் கூடாது."

குனிந்தேன். கைப்பிடிக்குள் கம்பியை நானே விட்டேன். நானே சுற்றினேன். இரண்டு நுனிகளையும் அவர் நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன். அவர் ஈயக் குண்டைக் கோத்து, குறட்டை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

முத்திரை டக்கென்று விழுந்தது. குஞ்சுகள் ஒரு கணம் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி தூங்கப் போயின.